‘கைது இல்லை, சும்மா விசாரணைதான்’

கேள்வி: என் தம்பி ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். அங்கே சரக்கு திருடு போனதாகப் புகார். திங்கள் காலை போன் செய்து ஸ்டேஷனுக்கு அழைத்தவர்கள், புதன் காலையில்தான் அனுப்பினார்கள். கேட்டால், ‘கைது இல்லை, சும்மா விசாரணைதான்’ என்கிறார்கள். 2 வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். மறுபடி வரச் சொல்கிறார்கள். அவன் மாட்டிக்கொண்டானா? வாய் திறக்காமல் இருந்தால் குற்றவாளி என்றுதானே நினைப்பார்கள்?

பதில்: சகோதரி, கையெழுத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த இரண்டு இரவுகள்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22(2) பிரிவு. ‘கைது இல்லை’ என்று சொல்வதே இந்தக் கணக்கில் சிக்காமல் இருக்கத்தான். உங்கள் தம்பி எழுந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள் என்றால் அது காவல்தான், ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 2025-இல் அமலாக்கத் துறை வழக்கு ஒன்றில், கைதைக் காகிதத்தில் பதிந்த நேரத்தை விட்டுவிட்டு, ஆள் அவர்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் 24 மணி நேரத்தை எண்ணியது.

சரி, கையெழுத்து. அந்தத் தாள்களில் ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டாலும், ஒருவர் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. ஆனால் அவர் சொன்ன தகவலால் பொருள் கிடைத்தது என்றால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால், அந்தத் தாள்கள் ‘அவரே காட்டிக்கொடுத்தார், கைப்பற்றினோம்’ என்ற மகஜராக, அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவாக, மாறிவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை. இன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நடந்ததை நாள், நேரத்தோடு எழுதுங்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி சமயத்தில் வக்கீல்கள் தந்தி அடிப்பார்கள். 2013-இல் தந்தியே போய்விட்டது. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தாமதித்தால், பிறகு யோசித்துச் சொன்ன கதை என்பார்கள்.

மௌனம் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. இந்த உரிமை ஸ்டேஷன் விசாரணைக்கும் பொருந்தும் என்பது 1978 நந்தினி சத்பதி வழக்கிலேயே முடிவான விஷயம். ஆனால் இதைச் சொல்லிக் கைரேகை தர மறுக்க முடியாது. சிக்கவைக்காத சாதாரணக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த முறை போன் வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 35(3) பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தி அந்த நோட்டீஸ் ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வேலை பார்க்கும் இடத்தில் திருடியதாக வழக்கு என்றால் தண்டனை அதிகபட்சம் 7 ஆண்டு. அந்த அளவுக் குற்றங்களில் நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிறவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. ஆகவே போகாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம். வக்கீலோடு போகட்டும். கைதே செய்தாலும், விசாரணை முழுக்க இல்லாவிட்டாலும் நடுவே வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் பேசுங்கள்.

மறுபடியும் இரவு தங்க வைத்தால் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்காதீர்கள். அடைத்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம். தம்பிக்காக அதை நீங்களே தாக்கல் செய்யலாம்.