மகன் கணக்குப்பிள்ளை அல்ல

கேள்வி: பதினோரு வருடமாக துபாயில் வியாபாரம். மனைவியும் 21 வயது மகனும் ஊரில் இருக்கிறார்கள். திரும்பி வந்து தேர்தலில் நிற்க ஆசை. மனைவி வேண்டாம் என்கிறாள். சென்னையில் கவர்னராக இருந்து சம்பாதித்து, இங்கிலாந்து போய் எம்.பி. ஆன தாமஸ் பிட்தான் என் முன்மாதிரி. வீட்டுக் கவலை இல்லை. மகன் மாதாமாதம் செலவுக் கணக்கு அனுப்புவான், தப்பைச் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புவேன். நான் நிற்கலாம்தானே?

பதில்: தேர்தல் கிடக்கட்டும். அதென்ன சிவப்புக் குறி? நீங்கள் கிளம்பும்போது அவனுக்குப் பத்து வயது. இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி எழுத உங்களுக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதானா?

பிட்டைச் சொன்னீர்கள். சென்னைக்கு வரும் முன்பே அவர் எம்.பி.தான். இங்கிலாந்தில் அவர் நின்ற ஓல்ட் சாரம் தொகுதியில் குடியிருக்க ஆளே கிடையாது. நிலத்தை வாங்கியதால் தொகுதியும் அவர் கைக்கு வந்தது. நீங்கள் வீடு வீடாகப் படியேற வேண்டும்.

சரி, அவர் வீட்டைப் பாருங்கள். 1698-ல் சென்னைக் கோட்டைக்கு கவர்னராக வந்தபோது மனைவி ஜேன் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். மூத்த மகன் ராபர்ட் கூட வந்தான். 410 காரட் வைரம் ஒன்றை வாங்கிய பிட், 1702-ல் அதை அந்த மகனிடம்தான் கொடுத்து அனுப்பினார். காலணியின் குதிகாலில் ஒளித்துக் கொண்டுபோனான் என்று ஒரு கதைகூட உண்டு. 1717-ல் அந்தக் கல்லை பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார்.

அவ்வளவு பெரிய கல்லை நம்பிக் கொடுத்த மகனுக்கு அப்புறம் சென்னையிலிருந்து போனதெல்லாம் ஏச்சு. ஏன் இவ்வளவு செலவு, ஏன் என்னைக் கேட்காமல் கல்யாணம், ஏன் தாயோடு சண்டை! கப்பலில் மாதக்கணக்காகப் போய்ச் சேர்ந்த அந்தக் கடிதங்கள் எந்தச் சண்டையையும் தீர்க்கவில்லை. 1709-ல் பிட் சென்னையை விட்டுக் கிளம்பியபோது குடும்பம் பிரிந்து கிடந்தது. 1726-ல் அவர் இறந்தார். அடுத்த வருடமே ராபர்ட்டும் போய்விட்டான். அப்பனும் மகனும் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டிய வருடங்கள் கடிதத்திலேயே கழிந்துவிட்டன.

அவருக்கு இருந்தது கப்பல். உங்களுக்கு நான்கு மணி நேர விமானம். மனைவி வேண்டாம் என்பது தேர்தலையா, இன்னொரு ஐந்து வருடம் நீங்கள் வீடு தங்காமல் அலைவதையா? கேட்டீர்களா? தகப்பன் கடமை பணம் அனுப்புவதோடு முடிகிறது என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மாதக் கணக்கைத் திருத்தாதீர்கள். டிக்கெட் போடுங்கள். மகன் என்ன படிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். தேர்தலை அப்புறம் பார்க்கலாம்.