பெஞ்சில் இருக்கும் எச்-1பி ஊழியருக்குச் சம்பளம் உண்டா?

அமெரிக்காவின் டெக்சாஸில், வெளிநாட்டுத் திறனாளர்களுக்கான எச்-1பி வேலை விசாவில் பணிபுரியும் வாசகர் ஒருவரின் கேள்வி: “புராஜெக்ட் முடிந்து இரண்டு மாதங்களாகச் சம்பளமில்லாமல் ‘பெஞ்சில்’, அதாவது அடுத்த புராஜெக்ட்டுக்குக் காத்து, இருக்கிறேன். அமெரிக்கர்களின் வேலையை நாம் பறிப்பதாக எதிர்ப்பு வலுத்திருக்கும் நேரத்தில் புகார் செய்தால் விசாவே போய்விடும் என்கிறது என்னை வேலைக்கு வைத்திருக்கும் கன்சல்டன்சி. உண்மையா?”

உண்மையில்லை. உங்களுக்காகத் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ (சம்பளம், பணி நிலைமை பற்றி நிறுவனம் தரும் உறுதிமொழி விண்ணப்பம்) தாக்கல் செய்தபோதே, புராஜெக்ட் இல்லாத நாட்களுக்கும் அதில் குறித்த சம்பளத்தைத் தர நிறுவனம் கடமைப்பட்டுவிட்டது. புராஜெக்ட் கிடைக்காதது அவர்களுடைய வியாபார நட்டம். அதை உங்கள் தலையில் கட்ட 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. பலர் விழுவது அதில்தான். பேறுகாலம், உறவினரின் நோய் போன்ற சொந்தக் காரணங்களுக்காக நீங்களே விடுப்புக் கேட்டால், அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. இதை நன்கறிந்த கன்சல்டன்சிக்காரர்கள், “வெறும் ஃபார்மாலிட்டிதான்” என்று சொல்லி, சொந்த வேலையாக விடுப்பு வேண்டும் என்று உங்களிடமே மின்னஞ்சல் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நாளை விசாரணை வந்தால் அந்த ஒரு மின்னஞ்சலை நீட்டுவார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், வேலைக்குத் தயாராக இருப்பதாகவும் அடுத்த புராஜெக்ட்டை எதிர்பார்ப்பதாகவும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

சம்பளம் வராத மாதங்களுக்கு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) இராது என்பதால், வேறு நிறுவனத்துக்கு மாறும்போது உங்கள் விசா நிலையே கேள்விக்குள்ளாகும். ஆகவே காத்திருக்காதீர்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்தைக் காட்டியும் மிரட்டுவார்கள். அமெரிக்காவுக்குள் முறையான நிலையில் இருப்பவர் நிறுவனம் மாறுவதற்கு அது பொருந்தாது. வேறு வேலை தேடிக்கொள்ளத் தரப்படும் 60 நாள் அவகாசமும் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகே தொடங்கும். புராஜெக்ட் முடிந்த நாளிலிருந்து அல்ல.

ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்னும் புதிய எச்-1பி விசாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதா குறைப்பதா என்றே இந்த விசாவை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டவரை மலிவான ஆளாக்கி, பக்கத்து மேசை அமெரிக்கரின் ஊதியத்தையும் கீழே இழுப்பது இந்தச் சம்பளமில்லாத பெஞ்ச். அதைப் பிடிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும், மிகவும் அஞ்சி நிற்கும் ஊழியரின் புகாரிடமே விட்டுவைத்திருப்பது பெரும் அநியாயம்.

இருக்கும் வழி அதுதான் என்பதால், டபிள்யூஎச்-4 என்ற புகார்ப் படிவத்தை, மீறல் நடந்த 12 மாதங்களுக்குள் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு அனுப்புங்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதமே. விலகும்போது விசா மனுக் கட்டணத்தையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள். அவை நிறுவனத்தின் செலவு.