கழுத்து ரத்தக்குழாயில் 70 சதவீத அடைப்பு. ஆபரேஷன் செய்தாலும் ஸ்ட்ரோக் வரலாம், செய்யாவிட்டாலும் வரலாம் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம், இரண்டும் உண்மைதான். உங்கள் அப்பாவுக்கு இதில் எது பெரிய ஆபத்து என்று பார்க்க 70 என்ற எண் மட்டும் போதாது. வயது 68, சுகர் உண்டு, டாப்ளர் ஸ்கேனில் இடது பக்கம் 70 சதவீதம், டாக்டர் ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொன்னார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஸ்கேனை எதற்காக எடுத்தார்கள் என்று எழுதவில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கழுத்தில் தையலோடு வார்டுக்கு வருபவர்களை முதல் ராத்திரி பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. படித்ததும் பார்த்ததும் கலந்துதான் எழுதுகிறேன், முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கழுத்தில் அடைப்பு என்றதும், குழாய் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு ஒருநாள் மூளைக்கு ரத்தம் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அது இல்லை. உட்சுவரில் படிந்த கொழுப்புப் படிவு ஓரிடத்தில் வெடித்து, அதன் துணுக்கோ அதன்மேல் உறைந்த ரத்தமோ பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளையின் சிறிய குழாயை அடைக்கிறது. மூளையின் அடிப்பக்கத்தில் இரண்டு பக்கத்து ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஒரு பக்கம் முழுக்க மூடியும் எதுவும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் 100 சதவீதம் அடைத்துவிட்டால் பொதுவாக ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் ரத்தம் ஓடாத குழாயிலிருந்து துணுக்கு மேலே போவது அரிது. ஆபரேஷன் என்பது கழுத்தைத் திறந்து குழாய்க்குள் இருக்கும் அந்தப் படிவை எடுத்துவிடுவது. அதிலேயே ஸ்ட்ரோக் வருவதற்கும் முக்கியக் காரணம் இதேதான்: குழாயைக் கையாளும்போது அதே படிவிலிருந்து துணுக்கு கிளம்பலாம்.

சரி, ஸ்கேன் எதற்காக? வலது கையோ காலோ சில நிமிடம் மரத்துப்போய், பேச்சு குழறி, அப்புறம் தானாகச் சரியாகியிருந்தால், அல்லது இடது கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் இருட்டிவிட்டுப் பார்வை திரும்பியிருந்தால், அது அறிகுறியுள்ள அடைப்பு. இடது பக்கக் குழாய் என்றால் உடம்பில் வலது பக்கம் பாதிக்கும், கண் மட்டும் அதே பக்கம். அதிலும் கடந்த ஆறு மாதத்துக்குள் நடந்ததைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வெறும் தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் கண்டுபிடித்திருந்தால் அது பெரும்பாலும் அறிகுறி இல்லாத அடைப்புதான். தலைசுற்றல் மட்டும் தனியாக வருவது இந்தக் குழாயின் வேலையாக இருப்பது அபூர்வம். தலைசுற்றலுக்கு வந்து அடைப்பு தெரிந்து, ஆபரேஷனும் முடிந்து, தலைசுற்றல் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி இருந்தால் கணக்கு தெளிவானது. நாஸ்கெட் என்ற வட அமெரிக்க ஆய்வு 1991-ல் வெளியானது. 70 முதல் 99 சதவீத அடைப்பும் அறிகுறியும் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம். அந்த 9-க்குள் ஆபரேஷனால் வந்த ஸ்ட்ரோக்கும் அடக்கம். 50 முதல் 69 சதவீதத்தில் பலன் இருந்தாலும் குறைவு. 50-க்குக் கீழே பலனே இல்லை.

இதில் நாள் கணக்கு முக்கியம். பழைய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2004-ல் ஒரு விஷயம் காட்டினார்கள். கடைசி அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் ஆய்வில் சேர்ந்தவர்களில் 5 பேருக்குச் செய்தால் ஐந்தாண்டில் ஒரு ஸ்ட்ரோக் தவிர்க்கப்பட்டது. 12 வாரம் தாண்டிச் சேர்ந்தவர்களில் அதே ஒன்றைத் தவிர்க்க 125 பேருக்குச் செய்ய வேண்டியிருந்தது. வெடித்த படிவு முதல் சில வாரங்களில்தான் மிக ஆபத்தானது, அப்புறம் மெல்ல ஆறிவிடுகிறது. கண்ணில் திரை விழுந்ததைக் கண்ணாடி பவர் பிரச்சினை என்று நினைத்து, கண்ணாடியை மாற்றி, அதற்கு அப்புறமும் ஒரு மாதம் கழித்து எங்களிடம் வந்தவர் உண்டு. நல்ல படிப்பாளி. "அதான் சரியாகிவிட்டதே" என்ற நினைப்புதான் இந்த நோயில் ஆளைக் கெடுப்பது.

அறிகுறி இல்லை என்றால் பேச்சே வேறு. இங்கே ஆபரேஷன் என்பது முன்பணம் கட்டுவது மாதிரி: ஆபத்தில் ஒரு பங்கை முதல் மாதத்திலேயே கட்டிவிடுகிறீர்கள், பலன் அடுத்து வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. 1995-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஐந்தாண்டு ஸ்ட்ரோக் ஆபத்து மருந்துப் பிரிவில் 11 சதவீதம், ஆபரேஷன் பிரிவில் 5.1 சதவீதம். பாதிக்குப் பாதி என்று சொன்னால் பிரமாதமாக இருக்கும். 100 பேருக்குக் கழுத்தைத் திறந்து, ஐந்து ஆண்டில் 6 பேரைக் காப்பாற்றினோம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குதான். உங்களிடம் யாராவது சதவீதம் சொன்னால் எத்தனை பேரில், எத்தனை வருடத்தில் என்று கேளுங்கள்.

அந்தக் காலத்து மருந்து என்றால் முக்கியமாக ஆஸ்பிரின். இன்று ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, நல்ல பிபி மாத்திரைகள், சுகர் கட்டுப்பாடு, புகையை விட வைப்பது எல்லாம் சேர்ந்து மருந்துப் பிரிவின் ஆபத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. 2025 இறுதியில் வெளிவந்த கிரெஸ்ட்-2, ஆபரேஷனுக்கு ஒன்றும் ஸ்டென்டுக்கு ஒன்றுமாக இரண்டு ஆய்வுகள், இதையேதான் சோதித்தது: 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, அறிகுறி இல்லை, எல்லோருக்கும் தீவிர மருந்து. ஆபரேஷன் ஆய்வில் நான்காண்டுக் கணக்கு மருந்து மட்டும் 5.3 சதவீதம், ஆபரேஷனும் சேர்த்து 3.7. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஆய்வில் மருந்து மட்டும் 6.0-க்கு எதிராக 2.8, அது தெளிவான வித்தியாசம். ஆனால் அங்கே ஸ்டென்ட் வைத்தவர்கள் அனுபவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கைகள். எப்படிப் பார்த்தாலும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 94 பேர் நான்கு ஆண்டுகள் அந்தப் பக்க ஸ்ட்ரோக் இல்லாமல் இருந்தார்கள். அறிகுறி இல்லாத அடைப்புக்கு ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

70 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாப்ளர் ஸ்கேன் அடைப்பை நேராக அளப்பதில்லை. ரத்தம் பாயும் வேகத்தைப் பார்த்து, இவ்வளவு வேகம் என்றால் இவ்வளவு அடைப்பு என்று கணக்கிடுகிறது. வேகம் நொடிக்கு 230 செ.மீ. தாண்டினால் 70-க்கு மேல் என்பது பலரும் பின்பற்றும் எல்லை. ஸ்கேன் எடுப்பவரைப் பொறுத்து அது மாறும். இன்னொரு குழப்பமும் உண்டு. வட அமெரிக்க முறையில் 50 சதவீதம் என்று வரும் அதே குழாய், பழைய ஐரோப்பிய முறையில் ஏறக்குறைய 75 சதவீதம். ஒன்று அடைப்புக்கு மேலே உள்ள நல்ல குழாயோடு ஒப்பிடுகிறது, மற்றது அதே இடத்தில் முன்பு இருந்திருக்கக்கூடிய அகலத்தோடு. எந்த முறை என்று கேட்டுவிட்டு, சிடி ஆஞ்சியோவில், அதாவது ரத்தக்குழாயையே படமெடுக்கும் ஸ்கேனில், உறுதி செய்துகொள்வது நல்லது.

ஸ்டென்டா, ஆபரேஷனா? 2010-ல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்ட்ரோக் ஸ்டென்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3. மாரடைப்பு அப்படியே தலைகீழ்: ஸ்டென்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. வயது 70-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பக்கமும், இதயம் பலவீனமாக இருந்தாலோ கழுத்தில் முன்பு கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ ஸ்டென்ட் பக்கமும் தராசு சாயும். முழு மயக்கமா, கழுத்து மட்டும் மரத்துப்போகும் ஊசியா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் அதையும் சோதித்துவிட்டார்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஆள் வந்ததும் நாங்கள் முதலில் செய்வது பேச வைப்பது. பெயர் கேட்போம், என் விரல்களை இரண்டு கையாலும் இறுக்கச் சொல்வேன், சிரிக்கச் சொல்வேன், நாக்கை நீட்டச் சொல்வேன். நாக்குக்குப் போகும் நரம்பு அந்தக் குழாயைக் குறுக்கே கடந்துதான் போகிறது, அது இழுபட்டிருந்தால் நாக்கு ஆபரேஷன் செய்த பக்கமாகவே சாயும். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு இழுபட்டால் சிரிக்கும்போது வாயோரம் கோணும், வீட்டார் ஸ்ட்ரோக் என்று பதறிவிடுவார்கள். குரல் கம்மலாம். இவை பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். காதுமடலும் தாடையோரமும் மரத்துப்போவது மிகச் சாதாரணம். அப்பா சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டதே தெரியாது, கொஞ்ச காலத்துக்கு எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கிக் கொடுங்கள்.

நாங்கள் உண்மையில் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, கழுத்துக்குள் ரத்தம் கட்டி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துவது. இன்னொன்று பிபி எகிறுவது. நெடுநாள் குறைவாக ரத்தம் வந்த மூளைக்கு ஒரேயடியாக நிறைய வந்தால் தாங்காது, வலிப்போ ரத்தக்கசிவோ வரலாம். 100-ல் ஒருவருக்கு என்ற அளவில்தான் இது நடக்கும், ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் வரும். முதல் இரண்டு வாரத்தில் ஆபரேஷன் செய்த பக்கம் கடுமையான தலைவலி என்றால், வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காமல் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: "உங்கள் கையில், 100 பேரில் எத்தனை பேருக்கு 30 நாளுக்குள் ஸ்ட்ரோக்கோ மரணமோ ஆகியிருக்கிறது?" அறிகுறி உள்ளவர்களுக்கு 6 சதவீதத்துக்குக் கீழே, இல்லாதவர்களுக்கு 3-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கும் வரம்பு. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல சர்ஜன் அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பார், கேட்டதற்குக் கோபப்படவும் மாட்டார். அறிகுறி இல்லாதவர்களிடம் இன்னொரு கேள்வியும் சேரும். முன்பணத்தின் பலன் திரும்பிவர சில ஆண்டுகள் ஆகும், அப்பாவின் மற்ற நோய்கள் அந்த ஆண்டுகளுக்கு இடம் கொடுக்குமா?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாத்திரை நிற்காது. ஆபரேஷன் ஓரிடத்தைச் சுத்தம் செய்கிறது, நோய் உடம்பில் உள்ள எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா, படியேறினால் நெஞ்சு அழுத்துகிறதா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் தேதிக்கு முன்பு ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிட்டு வருபவர்கள் ஏராளம், யாரோ ரத்தம் நிற்காது என்று சொல்லியிருப்பார்கள். இந்த ஆபரேஷனுக்கு வழக்கமாக ஆஸ்பிரினை நிறுத்துவதில்லை, தொடர்வதுதான் பாதுகாப்பு.

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இந்த நாட்களில் வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, ஒரு கண் இருட்டுவது என்று ஏதாவது வந்தால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஸ்ட்ரோக் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.