வாசகர் கேள்வி – பதில்: சேலமும் கோவையும் படம் எடுத்த காலம்

கேள்வி: ஏற்காடு சாலையில் தனியே நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம். சென்னையை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு ஸ்டூடியோ எப்படி நிலைத்தது?
– ஆத்தூர் வாசகர்

பதில்: அந்நாளில் சென்னையிடம் விட்டுவருவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபின் சில ஆண்டுகள் நம் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போய்த்தான் நடித்துத் திரும்பினார்கள்; சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ வந்ததே 1934இல்தான். திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்த டி.ஆர்.சுந்தரம், அதே பத்தாண்டின் நடுவில் சேலத்தில் தொடங்கிய நிறுவனத்தை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நடிகர், எழுத்தாளர், இசைக்குழு என எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அவர் எல்லோருக்கும் ‘முதலாளி’. ‘மந்திரி குமாரி’க்குக் கருணாநிதியும், ‘வளையாபதி’க்குப் பாரதிதாசனும் அங்கே வசனம் எழுதினார்கள். நிறுவனமே நடத்திய ‘சண்டமாருதம்’ இதழுக்குக் கண்ணதாசன் ஆசிரியராக இருந்தார். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் இந்த நிறுவனத்தின் தயாரிப்புகளே. சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றி உலவும் கதைகள் அத்தனையையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லாமல் நூறு படங்களுக்கு மேல் எடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கேள்வி: கோவையிலும் ஸ்டூடியோ இருந்ததாமே?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஒன்றுக்கு மேலேயே இருந்தன. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு, ‘மலைக்கள்ளன்’ (1954) கதையைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஆறு மொழிகளில் படமாக்கினார். இன்று ‘பான் இந்தியா’ என்று கூவி விற்பவர்கள் சற்றே அடக்கி வாசிக்கலாம்.

கேள்வி: பிறகு ஏன் எல்லாம் கோடம்பாக்கத்துக்கே போயின?
– காரைக்குடி வாசகர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கமே சாட்சி இருக்கிறது. தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஸ்டூடியோவில் ‘நாம் இருவர்’ (1947) எடுத்த ஏவி. மெய்யப்பன், அடுத்த ஆண்டே கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டார். மாதச் சம்பள முறை தளர்ந்து, ஒரே நடிகர் காலையில் ஒரு தளத்திலும் மாலையில் வேறொரு தளத்திலும் கால்ஷீட் கொடுக்கத் தொடங்கிய பின்னர், அவரைச் சேலத்தில் ஒரு மாதம் தங்கவைக்க யாரால் முடியும்? 1963இல் சுந்தரம் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் சில ஆண்டுகள் படமெடுத்தார்; அதற்குமேல் நீடிக்கவில்லை. சென்னையிலும் பல ஸ்டூடியோக்கள் தப்பவில்லை. 1970களின் இறுதியில் கேமரா கிராமத்துத் தெருவுக்கே போய்விட, தளங்களுக்கு வேலை குறைந்தது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. ஜெமினி இருந்த இடத்தில் இன்று ஒரு நட்சத்திர ஓட்டல். வாகினி இருந்த வடபழனியில் மருத்துவமனையும் வணிக வளாகமும்.