கேள்வி – பதில்: கரடி தூங்கும் வளை

கேள்வி: குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தூங்குகிற கரடியின் வளைக்குள் ஆராய்ச்சியாளர்கள் தவழ்ந்து போகிற வீடியோ ஒன்று பார்த்தேன். கரடி எழுந்துவிடாதா?

பதில்: எழுந்துவிடும். அணில் இனத்தில் சில பிராணிகள் குளிர்காலத்தில் ஜில்லிட்டுப்போய்க் கட்டை மாதிரி கிடக்கும், கரடி அந்த அளவுக்குப் போவதில்லை. 2011-ல் வெளியான அலாஸ்கா கருங்கரடி ஆய்வில், உடல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமலே உடம்பு செலவழிக்கும் சக்தி கால் பங்காகக் குறைந்திருந்தது. இதயம் நிமிடத்துக்குப் பத்து முறைகூடத் துடிக்காத நேரம் உண்டு. ஐந்தாறு மாதம் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. சிறுநீரில் போகவேண்டிய யூரியாவை உடம்பே திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. இவ்வளவு இருந்தும் காது மட்டும் விழிப்பாகவே இருக்கும், பக்கத்தில் பனி நொறுங்குகிற சத்தம் போதும், தலையைத் தூக்கிப் பார்த்துவிடும்.

அதனால்தான் அங்கே யாரும் பேசுவதில்லை. வெளியே பார்த்தால் வெறும் பனிமேடு, நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அதன் விளிம்பில் கரடியின் மூச்சு பட்டு உறைந்த பனித்துகள். வாசல் பெரும்பாலும் ஓர் ஆள் தோளை ஒடுக்கி நுழைகிற அகலம்தான். ஒருவர் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டு, நீளக் கம்பு முனையில் இருக்கும் மயக்க ஊசியைக் குத்திவிட்டுப் பின்வாங்கிக் காத்திருப்பார். காய்ந்த புல், மரப்பட்டை, சுள்ளி எல்லாம் வாரிப் போட்டுக் கரடி படுக்கை செய்திருக்கும். குட்டி இருந்தால் பால் குடிக்கும்போது ஒரு முனகல் கேட்கும், தேனீக்கூட்டுக்குள் காது வைத்த மாதிரி. அம்மா எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கழுத்துப்பட்டையை மாற்றி எடை பார்த்து முடிக்கும்வரை அந்தக் குட்டிகளை யாராவது ஜாக்கெட்டுக்குள் போட்டுச் சூடாக வைத்திருப்பார்கள், இல்லையென்றால் குளிரில் விறைத்துவிடும். அப்புறம் குட்டிகளைத் தாயின் மடியில் சேர்த்துவிட்டு வாசலைக் கிளையும் பனியும் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்த மூடுகிற வேலையை எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு குழுவின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இந்தச் சிரமத்துக்குப் பலனும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1981-ல் பட்டை மாட்டிய 56-ம் எண் பெண் கரடியை ஆய்வாளர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். 2013-ல் முதுமையால் இறந்தபோது அதற்கு 39 வயது.

கேள்வி: ஜி.பி.எஸ். மாட்டிவிட்டால் கரடிக்குப் பிடித்த இடம் எது என்று தெரிந்துவிடும்தானே?

பதில்: பாதிதான் தெரியும். கரடி இருந்த இடத்தை ஜி.பி.எஸ். மேப்பில் புள்ளியாகக் காட்டும். ஓர் இடத்தில் நிறையப் புள்ளி விழுந்தால் அது பிடித்த இடம் என்று சொல்லிவிட முடியாது. மற்ற இடமெல்லாம் சாலையும் மனிதர் நடமாட்டமுமாக இருப்பதால் வேறு வழியில்லாமல் அங்கே ஒதுங்கியிருக்கலாம். காட்டில் எந்த வகை இடம் எவ்வளவு இருக்கிறது, அதில் கரடி எதை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேல், புள்ளி விழுந்த இடத்துக்கு நடந்தே போக வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் மரமே முளைக்காத உயரத்தில், மேப்பில் வெறும் பாறைச்சரிவாகத் தெரிகிற இடத்தில் கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடிகள் கோடையில் கூடுகின்றன. ஏன் என்று போய்ப் பார்த்தால் கல்லெல்லாம் புரண்டு கிடக்கிறது, அடியில் ஒளிந்திருக்கும் அந்துப்பூச்சிகளை அள்ளித் தின்றிருக்கின்றன! ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சி வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கரடி என்ன தின்றது என்று அதன் எச்சத்தைப் படிக்கிறபோதும் கவனம் வேண்டும். பழத்தோலும் விதையும் அப்படியே வெளியே வரும், இறைச்சி ஏறக்குறைய முழுதும் செரித்துவிடும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் கரடி பழம் தின்றே வாழ்கிறது என்று தப்பாக முடிந்துவிடும்.

கேள்வி: எல்லாக் கரடியும் இப்படித் தூங்குமா?

பதில்: இல்லை. தேன்கரடி, சூரியக் கரடி, பாண்டா எல்லாம் வருஷம் முழுக்க உலாவும். பனிக்கரடியில் சினையான பெண் மட்டும்தான் மாதக்கணக்கில் வளைக்குள் அடையும்.

கேள்வி: தூக்கத்திலேயே குட்டி போடும் என்பது நிஜமா? மலையேறும்போது வளை கண்ணில் பட்டால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: குட்டி போடுவது நிஜம். கோடையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளர்வதில்லை, இலையுதிர்காலம் வரை கருப்பையில் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் தாய்க்குப் போதிய கொழுப்பு சேர்ந்தால்தான் அது ஒட்டி வளரும். பிறக்கிற குட்டி அரைக் கிலோகூட இருக்காது, கண் திறந்திருக்காது, உடம்பில் முடியும் சரியாக இருக்காது. அதற்கு இருக்கிற ஒரே சூடு தாயின் வயிறு.

படம் வேண்டாம். வந்த வழியே சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள், இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஸ்வீடனில் பழுப்புக் கரடிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், தொந்தரவு தாங்காமல் குளிர்காலத்தில் வளை மாறிய சினைக்கரடிகள் குட்டிகளை இழப்பது மற்றவற்றைவிட அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். நீங்கள் கேமராவை எடுத்துச் சரிசெய்கிற அந்த ஒரு நிமிஷத்தை உள்ளே ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.