தண்டனை உறுதியான ஊர்

அன்புள்ள சார்,

டிரம்ப் மீதான ரகசிய ஆவண வழக்கை 2023இல் புளோரிடாவில் தொடுத்ததுதான் அது தள்ளுபடியாகி எல்லாம் கெட்டதற்குக் காரணம். அதை விசாரித்த நீதிபதி ஐலீன் கேனனை நியமித்தவரே டிரம்ப்தான் என்று ஊருக்கே தெரியும். வாஷிங்டனில் போட்டிருந்தால் தண்டனை உறுதி. இனி இந்த வழக்கைப் புலனாய்வு செய்த எஃப்.பி.ஐ.யை எப்படி நம்புவது?

முரளி, நியூ ஜெர்சி

அன்புள்ள முரளி,

கேனன் விஷயத்தை விடுங்கள், எந்த நீதிபதி என்பது குலுக்கலில் விழுவது. ‘தண்டனை உறுதி’ என்று எழுதினீர்களே, கை கூசவில்லையா? ஈ எறும்புக்கும் இரங்குகிறவர் நீங்கள், தெரியும். ஆனால் தீர்ப்பை முதலில் எழுதிக்கொண்டு அதற்குத் தோதான ஊரைத் தேடச் சொல்கிறீர்கள். எங்களைக் கடல்கடந்து இழுத்துப்போய் விசாரிக்கிறார் என்பது 1776இல் இங்கிலாந்து மன்னர் மேல் அமெரிக்கர்கள் அடுக்கிய புகார்களில் ஒன்று. குற்றம் நடந்த மாவட்டத்திலிருந்தே ஜூரி வரவேண்டும் என்று பிறகு அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தத்தில் எழுதிவைத்தார்கள். ஆவணப் பெட்டிகள் இருந்தது புளோரிடாவில் டிரம்பின் மார்-அ-லாகோ மாளிகையில். வேறெங்கே போடுவது? தனக்குச் சாதகமில்லாத ஊர் என்று தெரிந்தே அங்கே போய் நின்றவர்களைத்தான் நம்பமாட்டேன் என்கிறீர்கள்.

கலிபோர்னியா போயிருந்தபோது ஒரு நண்பர் ரீகன் நூலகத்தைப் பார்க்க சிமி வேலிக்கு அழைத்துப்போனார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு நூலகம் மறந்துவிட்டது. “அந்த கோர்ட் எங்கே?” என்றேன். “எந்த கோர்ட்?” என்றார். பல வருடமாகப் பக்கத்தில் குடியிருக்கிறவர்! காரிலேயே ஒரு சண்டை.

1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் அடித்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. உள்ளூரில் நியாயம் கிடைக்காது என்று குற்றம்சாட்டப்பட்ட நான்கு போலீஸாரின் வக்கீல்கள் வாதாட, வழக்கு சிமி வேலிக்குப் போனது. போலீஸ்காரர்கள் நிறையப் பேர் வீடு கட்டிக் குடியிருந்த புறநகர் அது. ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 1992 ஏப்ரல் 29 அன்று நால்வருக்கும் விடுதலை. அவர்களில் பவல் என்பவர் மேலிருந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரி ஒத்துவரவில்லை. அன்று மாலையே லாஸ் ஏஞ்சலஸ் எரியத் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சாட்சியம் மாறவில்லை, வீடியோ மாறவில்லை. மாறியது ஊர்.

பிறகு ஃபெடரல் அரசு அதே நால்வர் மேல் சிவில் உரிமை வழக்குப் போட்டது. விசாரித்தது நீங்கள் நம்ப மறுக்கிற அதே எஃப்.பி.ஐ. இந்த முறை வழக்கு லாஸ் ஏஞ்சலஸிலேயே நடந்தது. ஜூரியில் கறுப்பினத்தவர் இருவர் இருந்தார்கள். 1993இல் கூன், பவல் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, ஆளுக்கு 30 மாதச் சிறை. மற்ற இருவருக்கு மறுபடியும் விடுதலை. தெருவெங்கும் போலீஸைக் குவித்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த இருவர் விடுதலையை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது.