விண்கலத்தின் லேசர்க் கண்

கேள்வி: இரண்டு விண்கலங்கள் மனிதர் கைபடாமல் தாமாக இணைய லேசர் உதவுகிறது என்று படித்தேன். கேமரா போதாதா? தொலைவை மட்டுமே அளக்கும் லேசரால், எதிரிலுள்ள கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை எப்படி அறிய முடியும்?

பதில்: ஒற்றைக் கதிரால் அறிய முடியாது. ஆகவேதான் எதிர்க்கலத்தின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் தொலைவை அளந்து, அவற்றை ஒரு படமாக அடுக்குகிறார்கள். சாதாரணப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும். இந்தத் தொலைவுப் படத்திலோ ஒவ்வொரு புள்ளியும் தான் இருக்கும் தூரத்தைச் சொல்கிறது. லேசர்த் துடிப்பு போய்த் திரும்பும் நேரமே கணக்கின் அடிப்படை. ஒளி ஒரு நானோநொடியில் சுமார் 30 செ.மீ. செல்வதால், நேரத்தை அளப்பதில் ஒரு நானோநொடி பிசகினால் தொலைவில் 15 செ.மீ. பிசகும்.

கேமராவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூசும் வெயிலுக்கும் கும்மிருட்டுக்கும் மாறிக்கொண்டிருப்பதால், கேமராவை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தின் மீது புரோகிரஸ் சரக்குக் கலம் மோதியது. ரேடார் அணைக்கப்பட்டிருக்க, தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே கலத்தை இயக்கிய வீரரால் அது நெருங்கும் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. லேசர் தனக்கு வேண்டிய ஒளியைத் தானே கொண்டுசெல்கிறது.

இனி, திசையின் கணக்கு. எதிர்க்கலத்தின் வடிவம் கணினியில் முன்பே இருக்கும். அந்த மாதிரியைச் சிறிது சிறிதாக நகர்த்தியும் சுழற்றியும், அளந்த புள்ளிகளோடு மிக நெருக்கமாகப் பொருந்தும் நிலையைக் கணினி தேடுகிறது. பொருந்திய நிலையே விடை. இதில் ஒரு சிக்கல் உண்டு: உருளை வடிவக் கலம் தன் அச்சில் எவ்வளவு சுழன்றாலும் புள்ளிகள் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் சிறு பிரதிபலிப்பான்களைச் சமச்சீரற்ற அமைப்பில் பொருத்தி வைக்கும் வழக்கம் உண்டு.

என்னைக் கேட்டால், தொலைவை அளப்பதைவிட, திரும்பி வந்த ஒளி எதன்மேல் பட்டு வந்தது என்று அடையாளம் காண்பதுதான் கடினம். 2012 மே 25 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தை நெருங்கிய டிராகன் என்ற அமெரிக்கச் சரக்குக் கலத்தின் லேசர் உணரியை, அந்த நிலையத்தில் உள்ள ஜப்பானிய ஆய்வுக்கூடமான கிபோவில் பட்டுத் திரும்பிய வேண்டாத ஒளி குழப்பியது. கலத்தைப் பின்வாங்கச் செய்து, உணரியின் பார்வைப் பரப்பைக் குறுக்கிய பிறகே பயணம் தொடர்ந்தது. அன்று அதை இறுதியில் பிடித்தது நிலையத்தின் இயந்திரக் கை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் தொடக்கம் முதல் முடிவு வரை லேசர்தானா?

பதில்: இல்லை. தொலைவில் இருக்கும்போது செயற்கைக்கோள் வழிகாட்டலும் வானொலித் தொடர்பும் போதும். 1967இல் சோவியத் ஒன்றியத்தின் காஸ்மாஸ் 186, 188 ஆகிய கலங்கள் முதன்முதலாகத் தானியங்கி முறையில் இணைந்ததே வானொலி அலைகளை நம்பித்தான். 2025 ஜனவரி 16 அன்று இணைந்த இந்தியாவின் ஸ்பேடெக்ஸ் கலங்களில் லேசர்த் தொலைவுமானியும் இருந்தது, வேறு உணரிகளும் இருந்தன. மிக அருகே வந்ததும் எதிர்க்கலம் லேசரின் பார்வையை முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். அதன் விளிம்புகள் தெரியாமல் போவதால், அந்தக் கடைசிக் கட்டத்தில் இணைப்பு வளையத்தின் அருகிலுள்ள குறிகளைக் கேமரா பார்ப்பதே கைகொடுக்கும்.